மாவு ரீட்டாவின் கல்

ஆசை அக்காவுக்கு,

உன் கல் வந்துவிட்டது. இன்று காலை பத்து மணிக்கு மினி லாரியில் வைக்கோல் பரப்பி, மேலே ஈரச் சாக்குப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் கல்லறைத் தோட்டத்து வாசலில் குடையோடு நின்றிருந்தேன். நாளை கல்லறைத் திருநாள் இல்லையா, எல்லாக் குடும்பங்களும் சுண்ணாம்பு வாளியும் துடைப்பமுமாக வந்திருந்தார்கள். நான் செவ்வந்திப் பூ வேறு வாங்கி வைத்துவிட்டேன். "இன்னைக்கே வாங்குனா நாளைக்கு வாடாதாடி, அறிவு கெட்டவளே" என்று நீ திட்டுவது காதில் விழுந்தது.

கல்லில் என்ன எழுத வேண்டும் என்று நானும் சேவியர் அண்ணனும் இரண்டு மாதம் சண்டை போட்டோம். நீ இருந்திருந்தால் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து கேட்டிருப்பாய். நம் வீட்டுச் சண்டைகள் உனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சண்டைக்குக் காரணம் நான்தான். எட்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது, வீட்டில் தமிழாசிரியை இருக்கிறாளே என்று கல்லறை வாசகம் எழுதும் வேலையை என்னிடம் விட்டார்கள். பக்கத்தில் அப்பாவின் கல்லில் தலைமையாசிரியர், பங்குப் பேரவைத் துணைத்தலைவர் என்றெல்லாம் நீளமாக இருந்தது. வீட்டிலேயே இருந்த அம்மாவுக்கு என்ன போடுவது? நான் யோசித்து யோசித்து எழுதியது ஒரே வரி: 'ஓர் அருட்சகோதரியைத் திருச்சபைக்குத் தந்த தாய்.'

அப்போது நீ கன்னியர் மடத்தை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

எழுதிய தாளை உன்னிடம்தான் முதலில் காட்டினேன். கையெல்லாம் மாவு என்பதால் நீ அதை வாங்கவில்லை. நான் பிடித்துக்கொண்டு நிற்க, எட்டிப் பார்த்துப் படித்தாய். "அம்மாவுக்குப் பிடிச்சது இதான்டி. போட்டுரு" என்று சொல்லிவிட்டு கிரைண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லை. உயிரோடு நிற்கிறவளைக் கல்லில் இல்லாமல் செய்துவிட்டோம் என்று எனக்கு அப்போதே தெரியும், அக்கா. தெரிந்தேதான் செய்தேன்.

நீ துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்த நாளில் நாகல் நகர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, தெருவுக்கே பிரியாணி போட்டோம். வெள்ளை உடுப்பில் நீயும் பட்டுச்சேலையில் அம்மாவுமாக ஒரு படம் எடுத்து முன்னறையில் மாட்டினோம். ஒன்பது வருடம் கழித்து, இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன்னால், ஒரு தகரப் பெட்டியோடு மத்தியான வெயிலில் ஆட்டோவில் வந்து இறங்கினாய். அம்மா கதவைத் திறந்து "வா" என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. முன்னறைப் படத்தை மட்டும் கழற்றவே இல்லை. அந்தப் படத்துக்குக் கீழேயே நீ இத்தனை வருடமும் வளைய வந்தாய்.

நான் கேட்டேன். "அங்க நல்லாத்தான் இருந்துச்சு ஜெசி. எல்லாரும் நல்லவுங்கதான். எனக்கு அது இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, அம்புட்டுதான்" என்றாய். அதற்கு மேல் நீயும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒருவேளை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

நம் கோவிலில் பூசைக்கு முன், எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம் என்று ஆட்கள் எழுதிக் கொடுக்கும் கருத்துகளை வாசிப்பார்கள். தேர்வில் வெற்றி பெற்றதற்கு நன்றியாக, வெளிநாட்டில் வேலை கிடைத்ததற்கு நன்றியாக, புது வீடு கட்டி முடித்ததற்கு நன்றியாக என்று வரிசையாக வரும். நானும் எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். மகள் மடத்திலிருந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததற்கு நன்றியாக என்று மட்டும் நம் வீட்டில் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

நீ பின்கட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்தாய். டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் ஒரு டிரம், பக்கத்தில் ஒரு பை. கொஞ்ச நாளில் ரீட்டா மேரி போய் 'மாவு ரீட்டா' ஆகிவிட்டாய். எட்டு மணிக்குப் புறப்பட்டால் பத்துக்கு வந்துவிடலாம், பன்னிரண்டுக்குத்தான் வருவாய். "எந்த வீட்ல உக்காந்து கதை அளந்துட்டு வார?" என்று லீவு நாட்களில் நான் சிடுசிடுப்பேன். நீயும் "ஆமா, நல்ல கதை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவாய்.

இதையும் சொல்லிவிடுகிறேன். என் பள்ளியில் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி, "நாகல் நகர்ல மாவு ரீட்டான்னு ஒருத்தவங்க, மாவு பஞ்சு மாதிரி இருக்கும், ஒங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டாள். "தெரியும், எங்க பக்கத்துத் தெருதான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேதத்தில் குருவைத் தெரியாது என்றவனுக்குக் கூவியதுபோல் சேவல் எதுவும் கூவவில்லை, மூன்றாம் பீரியட் மணிதான் அடித்தது.

நான் தலைமையாசிரியை ஆனபோது வீட்டில் விருந்து வைத்தோமே, அன்றைக்குப் பெருமை தலைக்கேறி உன்னிடம் உளறினேன். "நீ மட்டும் அங்கயே இருந்திருந்தா இந்நேரம் மடத்துக்கே மதரா ஆகியிருப்பக்கா. ஜெயிச்சிருக்க வேண்டியவ நீ" என்றேன். நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே, "நாம கும்பிடுறவரே ஊரு கண்ணுக்குத் தோத்துப்போனவருதான்டி. கூட இருந்த ஆளுகளே கடைசில ஓடிட்டாங்க. அந்தச் சட்னிய இங்கிட்டுத் தள்ளு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வாழ்நாள் முழுக்கக் கோவிலில் முன் வரிசையில் உட்கார்ந்த எனக்கு, சட்னிக் கிண்ணத்தைத் தள்ளும்போது சொன்ன அந்த வார்த்தை அன்று ஏறவே இல்லை.

பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவாரே, அப்பா தேர்வான வருடம் நினைவிருக்கிறதா? காலையிலிருந்து குளியலறையில் கல் வைத்துக் காலைத் தேய்த்துத் தேய்த்து, பவுடர் போட்டுக்கொண்டு போனார். பன்னிரண்டு பேரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். நீ என் காதில், "இம்புட்டுச் சுத்தமான காலக் கழுவ சாமியார் எதுக்குடி?" என்று கேட்டாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

மடத்தில் உன்னை முதியோர் இல்லத்தில்தான் போட்டிருந்தார்கள். கால் நகம் வெட்டும் பழக்கம் அங்கே வந்தது. அம்மாவுக்கு நீதான் வெட்டுவாய், சனிக்கிழமை தவறாமல். வெந்நீரில் கல்லுப்புப் போட்டு, அம்மாவின் காலைச் சற்று நேரம் ஊறவிட்டு, துண்டை மடியில் விரித்து ஒவ்வொரு விரலாக வெட்டுவாய். உன்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத அம்மா, காலை மட்டும் தானாக நீட்டுவாள். ஒருநாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நீ மடத்துலயே இருந்திருந்தா ஊருல இருக்க கெழடு கெட்டைக்கெல்லாம் வெட்டிக்கிட்டு இருந்திருப்ப. எனக்கு வெட்டியிருக்க மாட்ட." நீ அடுத்த விரலைப் பிடித்தாய். அம்மா குறை சொன்னாளா, சந்தோஷப்பட்டாளா? உனக்குப் புரிந்திருந்ததா, அக்கா?

மாசி மாதம் நீ போனாய். காலையில் மாவாட்டி டிரம்மில் ஊற்றி வைத்துவிட்டு, நெஞ்சு என்னவோ செய்கிறது என்று உட்கார்ந்தவள் எழவில்லை. அழுகையில் யாரும் மாவை நினைக்கவில்லை. மறுநாள் அடக்கத்துக்கு முன் அது பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று எதிர்வீட்டுப் பெண்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இட்லி அவித்துக் கொடுத்தார்கள். உன் சாவுக்கு வந்தவர்கள் உன் மாவு இட்லியைத்தான் சாப்பிட்டார்கள். கோயம்புத்தூர்ச் சித்தி மகள், யார் சமையல், இட்லி நன்றாக இருக்கிறதே என்று என்னிடமே கேட்டாள்.

உன்னை அம்மாவின் குழியிலேயே வைத்தோம்.

முப்பதாம் நாள் பூசைக்கு நானும் அண்ணனும் முன் வரிசையில் இருந்தோம். வழக்கம்போல் கருத்துகள் வாசித்தார்கள். மேல்படிப்பு, விசா, சுகப்பிரசவம் எல்லாம் வந்தது. அப்புறம் வாசித்த பெண் சற்றுத் தயங்கினாள். தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மைக்கில் படித்தாள்: "மாவு ரீட்டா பதினோரு வருடமாக என் கால் நகத்தை வெட்டிவிட்டதற்கு நன்றியாக, சூசை குடும்பத்தார்."

பின்னால் இளைஞர் பக்கத்தில் சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கு முகம் சிவந்துபோயிற்று. நான் திரும்பிப் பார்த்தேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெரியவர், கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சூசை குடும்பத்தார் என்றால் அவர் ஒருவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, மாடி அறையில் தனியாக இருக்கிறார்.

பூசை முடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். நான் உன் தங்கை என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குச் சக்கரை இருக்குத்தா. கண்ணும் சரியாத் தெரியாது. நானா வெட்டப் போயி ஒருதரம் புண்ணாகி, ஒரு வெரலையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ரீட்டாதான். கால் லிட்டர் மாவுதான் வாங்குவேன், அதுக்கு மாடியேறி வருவா. எனக்கு மட்டுமா? இந்தப் பக்கம் மூணு வீடு, அகரத்துல ரெண்டு வீடு. இனி யாருத்தா வெட்டிவிடுவா?"

கதை அளக்கிறாய் என்று நான் திட்டிய அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கணக்கு அப்போதுதான் கிடைத்தது. கோவில் முற்றத்தில் அத்தனை பேர் நடுவில் நின்று அழுதேன். தெரிந்தவர்கள் எல்லாம் அக்காவை நினைத்து அழுகிறாள் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். என்னை நினைத்துத்தான் அழுதேன்.

ஆவணியில் கல் மாற்றும் பேச்சு வந்தது. அம்மாவுக்கும் உனக்கும் சேர்த்து ஒரே கல். பழைய வரி இதில் இருக்கக் கூடாது என்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அம்மா வரியத் தொடாத ஜெசி. அம்புட்டுப் பெருமை அதுல அவுகளுக்கு. ரீட்டாவுக்குக் கீழ பேரும் தேதியும் போடு, போதும்" என்றார்.

"ரெண்டும் ஒரே கல்லுல இருந்தா, அந்த அருட்சகோதரி எங்கன்னு படிக்கிறவுங்க கேக்க மாட்டாங்களா?"

"யாரு படிக்கப் போறா?"

"நான் படிப்பேண்ணே. வருசா வருசம் போயி நின்னு நான் எழுதுன பொய்ய நானே படிக்கணும்."

அண்ணன் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் எத்தனையோ தடவை பேசினோம், எல்லாம் இதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவர்மேல் கோபப்பட முடியவில்லை. செத்துப்போன அம்மாவிடமிருந்து அவளுடைய ஒரே பட்டத்தைப் பிடுங்குகிறோமோ என்று எனக்கும் உறுத்தியது. ஆனால் அந்த வரி இருக்கும்வரை நீ தோற்றுப்போய் வந்தவள்தான். கல்லிலேயே அப்படிப் பதிந்துவிடும்.

போன மாதம் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார், கல் கடைக்காரரிடம் தானே பேசுவதாக. நாகல் நகர் வீட்டில்தான் இறங்கினார். முன்னறையில் உட்கார்ந்தவர், உன் வண்டிப் பை ஆணியில் தொங்குவதைப் பார்த்து எடுத்துக்கொடுக்கச் சொன்னார். உள்ளே சின்னதும் பெரியதுமாக இரண்டு நகவெட்டி, ஒரு பிளாஸ்டிக் பேசின், பழைய துண்டு, கல்லுப்புப் பொட்டலம். சூசை ஐயா சொன்னதை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம், "ஜெசி, இந்தச் சாக்ஸக் கழட்டிவிடுறியா? குனிய முடியல" என்றார்.

கழற்றினேன். அக்கா, அண்ணனின் பெருவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. வங்கி மேலாளராக இருந்தவர், கோயம்புத்தூரில் லிஃப்ட் வைத்த வீடு, இரண்டு பையன்களும் வெளிநாட்டில். அண்ணி இறந்தபிறகு அந்தக் காலை யாரும் பார்க்கவில்லை.

"பயலுக தெனமும் போன்ல சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களான்னு கேக்குறானுக. நகத்தப் பத்தி யாரு கேப்பா? நான்தான் எப்புடிச் சொல்லுவேன்?" என்றார். கொஞ்சம் கழித்து, "ரீட்டா ஒருதரம் கேட்டா. போன கிறிஸ்மஸுக்கு. 'நொண்டுறியேண்ணே, காலக் காமி'ன்னா. நான் சும்மா இருன்னு காலை இழுத்துக்கிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெந்நீர் போட்டேன். நீ செய்வதுபோல் துண்டை மடியில் விரித்தேன். மூன்றாவது விரலில் சதையையும் சேர்த்து வெட்டிவிட்டேன், ரத்தம் வந்தது. "ஏத்தா, இருக்குறதயும் எடுத்துராத" என்று அண்ணன் அழுகைக்கு நடுவில் சிரித்தார். வெட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அம்மாவுக்கும் ரீட்டா இப்படித்தான் வெட்டினாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று அம்மா உன்னிடம் சொன்னதை முதல் முறையாக அவரிடம் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன்.

"அப்ப, ரீட்டா திரும்பி வந்தது நல்லதுதான்னு அம்மாவுக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பழைய வரி வேணாம். வேற எழுது, தாள எடு" என்றார். இந்த முறை வாசகம் என்னுடையது இல்லை. அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

உன் பெயர் மட்டும் சூசை ஐயாவின் யோசனை. ரீட்டா மேரி என்று போடப்போவதாக அவரிடம் சொன்னபோது, "யாரு அது? தேடி வாரவுங்களுக்கு அடையாளம் தெரிய வேணாமா?" என்று கேட்டுவிட்டார்.

இன்று மத்தியானம் கல்லைப் பதித்து முடித்தார்கள். சிமெண்ட் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று படித்தார்கள். கீழே உன் தேதிகளோடு 'மாவு ரீட்டா' என்று இருக்கிறது. மேலே அம்மாவின் பெயர். அதன் கீழே, பழைய வரி இருந்த அதே இடத்தில், 'ரீட்டாவைப் பெற்ற தாய்.'

சாயங்காலம் முன்னறைப் படத்தையும் துடைத்துத் திரும்ப அங்கேயே மாட்டினேன். அதில் நீ நன்றாகத்தான் சிரிக்கிறாய்.

நாளை சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் சூசை ஐயா வீட்டுக்குப் போகிறேன். நாகல் நகர் வீடுகளுக்குச் சனிக்கிழமை, அகரத்துக்கு ஞாயிறு பூசைக்குப் பிறகு என்று பேசி வைத்திருக்கிறேன். மாவு எனக்கு வராது, அதைக் கேட்காதே. ஆனால் ரத்தம் வராமல் வெட்டப் பழகிக்கொள்வேன், அக்கா. இது இன்று உன் கல் மேல் கை வைத்துச் சொன்னது. பள்ளியில் யாராவது கேட்டாலும் இனி முழுசாகவே சொல்வேன்.

இப்படிக்கு,
மாவு ரீட்டாவின் தங்கை,
ஜெசிந்தா